மதுரை வெயிலில் தாடி ஓணான்: கூண்டு முதல் குஞ்சு வரை

எங்கள் வீட்டுக்கு முதல் பியர்டட் டிராகன் வந்த அன்று பெரியம்மா கூண்டை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏன்டா, வேலியில போற ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்ட கதையால்ல இருக்கு. இதுக்குக் காசு வேற குடுத்தியாக்கும்?” எனக்குப் பதில் வரவில்லை. யோசித்தால் அவர் சொன்னது பாதி சரி. பியர்டட் டிராகனும் நம் வேலி ஓணானும் ஒரே குடும்பம். இது ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டில் பிறந்த பங்காளி. தொண்டைக்குக் கீழே முள் முள்ளாக ஒரு மடிப்பு இருக்கும். கோபம் வந்தால் அது உப்பிக் கறுத்துவிடும், அதுதான் தாடி. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குத் தாடி ஓணான் என்றே பெயர், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

வால் நுனி வரை அளந்தால் வளர்ந்த தாடி ஓணான் 45 முதல் 60 செ.மீ. இருக்கும். ஒழுங்காகக் கவனித்தால் பத்து ஆண்டு வாழும். பத்தாம் வகுப்புப் பையன் ஆசைப்பட்டு வாங்கினால், அவன் வேலைக்குப் போன பிறகும் அம்மாதான் அதற்குக் கீரை நறுக்கிக்கொண்டிருப்பார். வீட்டில் எல்லோரிடமும் பேசிவிட்டு வாங்குங்கள்.

விற்பவர்கள் எல்லோரும் ஒன்று சொல்வார்கள்: “மதுரைக்கு ஏத்த ஜீவன் சார், வெயில் பழகினது.” அதை நம்பித்தான் நானும் முதல் வருடம் அடி வாங்கினேன். பாலைவன ஓணானும் நண்பகலில் புதருக்கடியிலோ வளையிலோ போய் ஒதுங்கிவிடும். சூடான இடமும் ஆறிய இடமும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் மாறி மாறிப் போய்த் தன் உடம்புச் சூட்டைத் தானே சரிசெய்துகொள்ளும். குளிர்நாட்டில் வளர்ப்பவர்கள் சூட்டுக்குச் செலவு செய்கிறார்கள். மதுரையில் நமக்கு நிழலுக்குத்தான் செலவு. கூண்டிலிருந்து முட்டை வரை எல்லாம் இந்தக் கணக்கில்தான் ஓடும்.

முதலில் சட்டம்

நாகமலையிலும் அழகர்மலை அடிவாரத்திலும் உடும்பு உண்டு. அதைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். முதல் அட்டவணையில் உள்ள உயிர் அது. 2022 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 3 ஆண்டு, அதிகம் போனால் 7 ஆண்டு சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். பச்சோந்தியும் பாதுகாக்கப்பட்டதுதான். வேலி ஓணானையும் வேலியிலேயே விட்டுவிடுங்கள். கூண்டில் அடைத்தால் பல நேரம் தீனி எடுக்காமலே செத்துப்போகும்.

லெப்பர்ட் கெக்கோ என்ற புள்ளிப் பல்லி பார்க்க அழகு. ஆனால் அதன் இயற்கை வாழிடம் பாகிஸ்தானிலிருந்து வடமேற்கு இந்தியா வரை வருகிறது. வனத்துறையிடம் கேட்காமல் அதில் இறங்க வேண்டாம். இகுவானா என்ற பெரிய பச்சைப் பல்லி, காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற உலக ஒப்பந்தத்தின் இரண்டாம் இணைப்பில் இருக்கிறது. 2024-ல் வந்த விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் 2.0 இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். குஞ்சு பொரித்தாலும், இறந்தாலும், கைமாறினாலும் தெரிவிக்க வேண்டும். தவிர அது ஐந்து அடிக்கு வளரும். மதுரையில் வாடகை வீட்டில் இருப்பவர் அதற்கு ஒரு அறை ஒதுக்க முடியுமா என்று முதலில் பார்க்கட்டும்.

தாடி ஓணான் நான் எழுதும் இந்த நேரத்தில் சைட்டிஸ் பட்டியலில் இல்லை. பட்டியல் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறுவதால், வாங்கும் வாரத்தில் ஒருதரம் பார்த்துவிடுங்கள். ஆஸ்திரேலியா தன் காட்டுயிர்களை வளர்ப்புச் சந்தைக்கு ஏற்றுமதி செய்வதில்லை. ஆகவே “காட்டிலிருந்து வந்த அசல்” என்று யாராவது சொன்னால் அவரிடம் வாங்காதீர்கள். பில் கேளுங்கள். செல்லப்பிராணிக் கடை 2018 விதிகளின்படி பதிவு பெற்றதா என்றும் கேளுங்கள்.

வாங்கும்போது கண் தெளிவாக இருக்க வேண்டும், நான்கு காலையும் ஊன்றி உடம்பைத் தூக்கி நடக்க வேண்டும், கீழ்த்தாடை கெட்டியாக இருக்க வேண்டும், கழிவுத் துவாரம் சுத்தமாக இருக்க வேண்டும். உங்கள் முன்னால் அது ஒரு பூச்சியைப் பிடித்துத் தின்கிறதா என்று பாருங்கள். விற்பவருக்கு அவர் நண்பரே சான்று சொன்னால் ‘ஓணானுக்கு வேலி சாட்சி, வேலிக்கு ஓணான் சாட்சி’ என்று எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதமாவது நிரம்பிய குஞ்சாக வாங்குவது நல்லது.

கூண்டு

ஓணான் வருவதற்கு ஒரு வாரம் முன்பே கூண்டை ஓடவிட்டு அளந்து பாருங்கள். வளர்ந்த ஒன்றுக்கு 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம் வேண்டும். மீன் தொட்டிக்குள் வளர்க்காதீர்கள், காற்றோட்டம் இருக்காது. எனக்குத் தெரிந்த தச்சரிடம் பிளைவுட்டில் பெட்டி செய்து, முன்பக்கம் தள்ளும் கண்ணாடி போட்டு, இரு பக்கமும் மேலேயும் கம்பி வலைச் சன்னல் வைத்தேன். கடையில் விற்கும் இறக்குமதிக் கூண்டைவிட மலிவு, காற்றும் நன்றாக ஓடுகிறது.

கூண்டின் ஒரு முனையில் வெயில் மேடை. அதற்கு அடுப்படி மேடையில் மிஞ்சிய கடப்பா கல் துண்டு ஒன்று போதும். சூட்டைப் பிடித்துவைக்கும், நகமும் தேயும். அதற்கு மேலே சாதாரண ஹாலஜன் ஸ்பாட் விளக்கு. கல்லின் மேற்பரப்பு 38 முதல் 42 டிகிரி செல்சியஸ், எதிர் முனை 25 முதல் 29. காற்றின் வெப்பத்தைக் காட்டும் ஒட்டு தெர்மாமீட்டரை நம்பாமல், கல்லின் மேல் குறிவைத்து அளக்கும் இன்ஃப்ராரெட் துப்பாக்கி வாங்குங்கள். இந்தப் பொழுதுபோக்கில் நான் வாங்கியதிலேயே உருப்படியான பொருள் அது.

அடுத்தது யூவிபி விளக்கு, அதாவது வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிரைத் தரும் விளக்கு. இதில் கஞ்சத்தனம் காட்டினால் எலும்பு போய்விடும். யூவிபி பட்டால்தான் தோலில் வைட்டமின் டி3 உருவாகும். டி3 இல்லாவிட்டால் எவ்வளவு கால்சியம் கொடுத்தாலும் உடம்பில் ஒட்டாது. தாடை ரப்பர் போலாகும், கால் வளையும், விரல் நடுங்கும். டி5 வகை நீளக் குழல் விளக்கு, 10 அல்லது 12 சதவீதம் என்று போட்டிருப்பது, கூண்டின் பாதி நீளத்துக்கு வேண்டும். வெயில் மேடையிலிருந்து சுமார் 30 செ.மீ. உயரத்தில், நடுவில் கண்ணாடி இல்லாமல். விளக்கு எரிந்துகொண்டே இருந்தாலும் யூவிபி குறைந்துபோகும் என்பதால் ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஊதா வெளிச்சம் தரும் மலிவு எல்இடி பல்பை யூவிபி என்று விற்கிறார்கள். யூவிபி கண்ணுக்கே தெரியாது. ஊதாவாகத் தெரிவது வெறும் ஊதா.

“வெயில்தான் கொட்டிக் கிடக்கே, விளக்கு எதுக்கு?” என்பார்கள். வெயில் விளக்கைவிட உசத்திதான், மறுக்கவில்லை. சன்னல் கண்ணாடி யூவிபியை ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடும் என்பதால் வெளியேதான் வைக்க வேண்டும். காலை எட்டு மணி வாக்கில் கம்பி வலைக் கூண்டில் வைத்து, பாதிக்குத் துணி போட்டு மூடி, இருபது நிமிடம். நீங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். மொட்டைமாடிக் காக்கைகளுக்கு இது ஒரு பெரிய ஓணான், அவ்வளவுதான். கண்ணாடித் தொட்டியோடு வெயிலில் வைத்தால் சில நிமிடங்களில் வெந்துவிடும். இதை மட்டும் யாரும் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

தரைக்குச் செய்தித்தாள் அல்லது டைல்ஸ். ஆற்றுமணல் அழகாக இருக்கும், ஆனால் குஞ்சுகள் பூச்சியோடு மணலையும் விழுங்கிக் குடல் அடைத்துக்கொள்ளும். ஏறுவதற்குக் கனமான வேம்பு அல்லது கொய்யாக் கிளை, ஒளிய ஒரு கவிழ்த்த மண்சட்டி. ஒரு கூண்டுக்கு ஒன்றுதான். இரண்டு சேர்ந்து ஒன்றின் மேல் ஒன்று படுத்திருப்பதைப் படமெடுத்துப் பாசம் என்று போடுகிறார்கள். மேலே இருப்பது கீழே இருப்பதிடமிருந்து வெயிலைப் பிடுங்குகிறது, அதுதான் நடப்பு.

சித்திரை, வைகாசியைத் தாண்டுவது

ஏப்ரல், மேயில் மதுரை 38, 40 என்று போகும். மொட்டைமாடிக்குக் கீழே இருக்கும் அறையில் ராத்திரி பத்து மணிக்கும் சுவர் கொதிக்கும். அந்த அறையில் கூண்டின் ‘ஆறிய’ முனையே 34-ல் நின்றால், ஓணானுக்குப் போக இடமே இல்லை. வெயில் கல்லில் வாயைத் திறந்து வைத்திருப்பது இயல்பு. ஆறிய முனையிலும் வாயைத் திறந்துகொண்டு, கண்ணாடியைக் கீறிக்கொண்டிருந்தால் அது திணறுகிறது என்று பொருள்.

நான் செய்வது: பங்குனி பிறந்ததும் கூண்டு தரைத்தளத்தில் வடக்குப் பார்த்த அறைக்கு இறங்கிவிடும். மார்கழியில் 100 வாட் போட்ட இடத்தில் 40 வாட். அதுவும் காலை ஏழிலிருந்து பதினொன்று வரை. பிறகு யூவிபி மட்டும். அறை வெப்பம் 35-ஐத் தாண்டும் நாளில் சூட்டு விளக்கே வேண்டாம். ஆறிய முனையில் தரை டைல்ஸைத் தினமும் ஈரத்துணியால் துடைத்து, கூண்டு வலைக்கு வெளியே ஒரு சின்ன மேசை மின்விசிறியை வெளிக்காற்று இழுக்கும்படி திருப்பி வைப்பேன். நேராக உடம்பில் அடிக்கக் கூடாது. பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தும் நாளை முன்கூட்டியே அறிவித்துவிடுகிறார்கள். அன்றைக்கு உறைந்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிக் கூண்டின் மூலையில் வைத்தால் மத்தியானத்தை ஓட்டிவிடலாம்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தொல்லை வேறு விதம். தாடி ஓணானுக்குக் காற்றில் ஈரம் 30, 40 சதவீதம் போதும். மழைக்காலத்தில் நமக்கு அதைப் போல இரண்டு மடங்கு. அப்போது தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துவிட்டு, கீரையில் தண்ணீர் தெளித்துக் கொடுங்கள். மூக்கில் குமிழி, மூச்சில் சத்தம் என்றால் நுரையீரல் தொற்று, மறுநாளைக்குத் தள்ளாதீர்கள்.

தீனி

குஞ்சுக்குப் பெரும்பங்கு பூச்சி, கொஞ்சம் கீரை. வளர வளர அது தலைகீழாகும். ஒன்றரை வயதில் பெரும்பங்கு கீரை, வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை பூச்சி. அதன் இரு கண்களுக்கு இடையே உள்ள அகலத்தைவிடப் பெரிய பூச்சியைக் கொடுக்கக் கூடாது.

பூச்சியைக் கடையில் வாங்கிக் கட்டுப்படியாகாது, வீட்டிலேயே வளர்த்துவிடுங்கள். மீல்வோர்ம் என்ற மாவுப்புழுதான் சுலபம். அகலமான பிளாஸ்டிக் டப்பாவில் மூன்று அங்குலம் கோதுமைத் தவிடு, ஈரத்துக்கு ஒரு கேரட் துண்டு. வண்டாகி, முட்டையிட்டு, மறுபடி புழுவாக மூன்று நான்கு மாதம் பிடிக்கும், ஆகவே மாதம் ஒரு டப்பா தொடங்கினால் தட்டுப்பாடு வராது. மதுரையில் இந்தத் தொழிலின் முதல் எதிரி எறும்பு. ஒரே ராத்திரியில் டப்பா காலியாகிவிடும். பலகாரத் தூக்குக்குச் செய்வதைப்போல, ஸ்டாண்டின் நான்கு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். தினத் தீனிக்கு மாவுப்புழுவைவிட வெட்டுக்கிளிக்கு உறவான கிரிக்கெட் பூச்சியோ, கறுப்பு வீரன் ஈ (பிளாக் சோல்ஜர் ஃப்ளை) புழுவோ நல்லது. பின்னதில் இயல்பாகவே கால்சியம் அதிகம். டூபியா கரப்பான் எல்லாவற்றிலும் சத்தானது. ஆனால் “கரப்பான் வளர்க்கிறேன்” என்று வீட்டில் சொல்லிப் பாருங்கள். எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு இரண்டு நிமிடத்தில் முடிந்தது.

சோழவந்தான் வயலில் வெட்டுக்கிளி பிடித்துப் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம், பூச்சிமருந்து இருக்கும். மின்மினியை நினைக்கவே வேண்டாம். ஒரே ஒரு மின்மினி தின்று தாடி ஓணான் செத்த பதிவுகள் உண்டு. மீதமான கிரிக்கெட்டை ராத்திரி கூண்டில் விடாதீர்கள், தூங்கும் ஓணானின் விரலைக் கடிக்கும்.

கீரை விஷயத்தில் நமக்குக் கவலை இல்லை. முருங்கைக்கீரை கால்சியம் நிறைந்தது, தெருவுக்குத் தெரு மரம் நிற்கிறது. அதோடு துருவிய பரங்கிக்காய், பொடியாக நறுக்கிய பீன்ஸ், வெந்தயக்கீரை, வீட்டில் பூத்த செம்பருத்தி. செம்பருத்தியின் சிவப்பைப் பார்த்தால் எங்கள் ஓணான் கூண்டின் மறுகோடியிலிருந்து ஓடிவரும். பாலக்கிலும் தண்டுக்கீரையிலும் உள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். எப்போதாவது கொடுக்கலாம், தினமும் கூடாது. வெங்காயம், பூண்டு, அவகாடோ கூடவே கூடாது. அரளி விஷம், வாசலில் அரளி வைத்திருப்பவர்கள் ஓணானை அந்தப் பக்கம் உலாவ விடாதீர்கள். பூச்சந்தையில் வாங்கிய எந்தப் பூவும் மருந்தடித்ததுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பூச்சியைப் பாஸ்பரஸ் இல்லாத கால்சியம் பொடியில் புரட்டிக் கொடுங்கள்: குஞ்சுக்கு ஏறக்குறைய தினமும், பெரியதற்கு வாரத்தில் இரண்டு நாள். வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்து எழுதி வையுங்கள் (ஓணானுக்கென்று தனித் தராசு வாங்கிவிடுவது குடும்ப அமைதிக்கு நல்லது). எடை தொடர்ந்து இறங்கினால் மலப் பரிசோதனை. குடற்புழுவும் காக்சிடியா என்ற குடல் ஒட்டுண்ணியும் சகஜம், மருந்து உண்டு. ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவர் எல்லா இடத்திலும் கிடைக்கமாட்டார். ஓணான் நன்றாக இருக்கும்போதே விசாரித்து எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுவது கட்டாயம், சால்மொனெல்லா என்ற வயிற்றுக் கிருமி பரவும். ஐந்து வயதுக்குக் கீழே குழந்தை உள்ள வீட்டில் நான் இதைச் சிபாரிசு செய்யமாட்டேன்.

ஜோடி சேர்ப்பது

இதற்கு முன்னால் ஒரு கணக்கு. ஒரு ஈட்டுக்கு, அதாவது ஒருதடவை இடுவதில், 15 முதல் 30 முட்டை. ஒருமுறை சேர்ந்த பெண், விந்தைச் சேமித்து வைத்துக்கொண்டு அந்தப் பருவத்தில் மூன்று நான்கு ஈடு இடும். எழுபது குஞ்சுக்குத் தீனியும் வீடும் இருந்தால் மேலே படியுங்கள்.

பெண்ணுக்கு ஒன்றரை வயதும் 350 கிராமும் ஆகியிருக்க வேண்டும். ஆணா பெண்ணா என்று பார்க்க, வாலை மெதுவாக முதுகுப் பக்கம் உயர்த்துங்கள். வாலடியில் இரண்டு பக்கமும் புடைப்பு, நடுவில் பள்ளம் என்றால் ஆண். நடுவில் ஒரே மேடு அல்லது தட்டை என்றால் பெண். இரண்டும் ஒரே ஈட்டில் பிறந்தவையாக இருக்கக் கூடாது.

மார்கழியில் மதுரை ராத்திரி 20, 21 டிகிரிக்கு இறங்கும். அதுதான் நமக்குக் கிடைக்கும் குளிர்காலம். விளக்கு நேரத்தைப் பத்து மணி நேரமாகக் குறைத்து, தீனியையும் குறைத்தால் ஆறு வாரம் தூங்கி வழியும். அது முடிந்ததும் விளக்கைப் பதினான்கு மணி நேரமாக்கி, பெண்ணுக்குக் கால்சியத்தைக் கூட்டி, இரண்டு வாரம் கழித்து அதை ஆணின் கூண்டில் விடுங்கள். ஆண் தாடியைக் கறுப்பாக்கித் தலையை வேகமாக ஆட்டும். பெண் ஒரு கையைத் தூக்கி மெதுவாகச் சுழற்றினால் அடங்கிப்போகிறது என்று அர்த்தம். பிறகு ஆண் பிடரியைக் கவ்வும். அது முரட்டுத்தனமாகத் தெரியும், பதற வேண்டாம். ரத்தம் வந்தாலோ பெண் ஓடிக்கொண்டே இருந்தாலோ பிரித்துவிடுங்கள். முடிந்ததும் உடனே தனித்தனி.

நான்கு முதல் ஆறு வாரத்தில் பெண்ணின் வயிற்றில் கோலிக்குண்டு போல முட்டைகள் தெரியும், தரையைப் பறிக்கத் தொடங்கும். ஓர் அடி ஆழத்துக்கு ஈரமண் போட்ட பெரிய டப்பாவை வையுங்கள். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும் பதம் போதும். ஆணே இல்லாவிட்டாலும் சில பெண்கள் கருவில்லா முட்டை இடும், அதற்கும் டப்பா வேண்டும். இரண்டு நாள் பறித்தும் இடாமல் சோர்ந்து படுத்தால் முட்டை அடைத்திருக்கிறது; அது மருத்துவர் வேலை.

முட்டை: எனக்குப் பாடம் சொன்ன பரண்

என் முதல் ஈட்டில் 22 முட்டை. சூடுதானே வேண்டும் என்று டப்பாவைப் பரணில் வைத்தேன். மே மாதப் பரண் 35, 36. பதின்மூன்று முட்டை அழுகியது, ஒன்பது பொரித்தது, இரண்டு முதல் வாரத்திலேயே போயிற்று. மிஞ்சிய ஏழும் வளர்ந்து பார்த்தால் எல்லாமே பெண்.

காரணம் பிறகுதான் தெரிந்தது. தாடி ஓணானில் ஆணுக்கு இசட் இசட், பெண்ணுக்கு இசட் டபிள்யூ என்ற குரோமோசோம்கள். ஆனால் முட்டை 32 டிகிரிக்கு மேல் இருந்தால் இசட் இசட் உள்ள கருவும் பெண்ணாக மாறத் தொடங்கும், முட்டையிடக்கூடிய முழுப் பெண்ணாக. 2007-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இதைக் காட்டினார்கள். காட்டிலும் இது நடக்கிறது என்று 2015-ல் உறுதியானது.

ஆகவே முட்டைக்கு 28 முதல் 30 டிகிரி. மதுரையில் பங்குனி, சித்திரையில் இது தானாகக் கிடைக்காது. சூடான அறையில் குளிரைக் கொண்டுவருவது தலைவலி. குளிர்ந்த அறையில் கொஞ்சம் சூடேற்றுவது சுலபம். அதனால் இரவும் பகலும் ஏசி 26-ல் ஓடும் அறையிலோ, நாள் முழுவதும் 28-ஐத் தாண்டாத மண்சுவர் அறையிலோ தெர்மகோல் மீன்பெட்டியை வைத்து, உள்ளே தெர்மோஸ்டாட்டோடு ஒரு சின்ன வெப்பப் பாயை 29-க்கு நிறுத்துங்கள். மின்சாரம் போனாலும் தெர்மகோல் இரண்டு மூன்று மணி நேரம் தாங்கும்.

மாடித்தோட்டக் கடையில் கிடைக்கும் வெர்மிகுலைட் என்ற, ஈரம் பிடித்துவைக்கும் கனிமத் துகளையும் தண்ணீரையும் சம எடையில் கலந்து, மூடியுள்ள டப்பாவில் பரப்புங்கள். முட்டையை எடுத்த நிலையிலேயே, திருப்பாமல், மேல்பக்கம் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துப் பாதி புதையுமாறு வையுங்கள். கோழி முட்டையைப்போல உருட்டினால் கரு செத்துவிடும். ஒரு வாரம் பத்து நாள் கழித்து இருட்டில் டார்ச் அடித்தால் இளஞ்சிவப்பு நரம்பு தெரியும். மஞ்சளித்து, குழைந்து, பூஞ்சை பிடித்ததை எடுத்துவிடுங்கள். வாரம் ஒருமுறை மூடியைத் திறந்து காற்று மாற்றினால் போதும். 55 முதல் 75 நாளில் முட்டை லேசாக ஒடுங்கி வியர்க்கும், அப்புறம் கீறிக்கொண்டு தலை வரும். தலையை நீட்டியபடி ஒரு நாள் முழுக்க அப்படியே கிடக்கும். இழுத்துவிடாதீர்கள், மஞ்சள் கருவை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது.

குஞ்சுகள்

பத்து செ.மீ. நீளம், இரண்டு மூன்று கிராம். முதல் இரண்டு நாள் தின்னாது. பிறகு ஒவ்வொன்றும் ஒரு நாளைக்கு இருபது முப்பது குட்டிக் கிரிக்கெட் தின்னும். மாவுப்புழுவின் ஓடு கடினம் என்பதால் இப்போது வேண்டாம். நான்கைந்தாகப் பிரித்து, வாரம் ஒருமுறை பெரியதைப் பெரியதோடும் சிறியதைச் சிறியதோடும் மாற்றிப் போடுங்கள். பசித்தால் ஒன்று மற்றதன் வாலையும் விரலையும் கடித்துவிடும். நம் வீட்டுப் பல்லிக்கு வால் திரும்ப முளைக்கும், இதற்கு முளைக்காது.

இரண்டு மாதம் ஆகாமல் நான் யாருக்கும் கொடுப்பதில்லை. கேட்பவர் முதலில் விளக்கு எரியும் கூண்டின் படமும், கல்லின் மேலும் ஆறிய முனையிலும் அளந்த வெப்பமும் மூன்று நாளைக்கு அனுப்ப வேண்டும். பாதிப் பேர் அதோடு நின்றுவிடுகிறார்கள். மிச்சப் பேர் வீட்டுக்கு வந்து, காற்றுத் துளை போட்ட டப்பாவில் துணி விரித்து எடுத்துப் போகிறார்கள். வளர்க்க முடியாமல் போனால் திருப்பி என்னிடமே கொண்டுவர வேண்டும், வைகைக் கரையிலோ அழகர்மலையிலோ விடக் கூடாது என்பதையும் அப்போதே பேசிவிடுவேன். கோடையில் வெளியூர்க்காரர் ஒன்பது மணிக்கு மேல் மாட்டுத்தாவணியில் பஸ் ஏறுவதாகச் சொன்னால், அன்றைக்குக் குஞ்சு கிடையாது. மறுநாள் விடியற்காலை ஐந்து மணி பஸ்ஸுக்கு வரச் சொல்லிவிடுவேன்.